கர்த்தா யார்?

ஆண்டு முடிவிலே ஒரு மோட்டார்த் தொழிலகம், தான் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தங்களையும் வெளியிட்ட புதிய ரகங்களையும் எய்திய சாதனைகளையும் வரிசைப்படுத்தி, இவை யாவும் யாம் செய்தவை என்று அறிவிக்கும்போது, செய்தவர் உண்மையில் யார் என்ற வினா சிந்திப்போர் உள்ளத்தில் எழாமற்போகாது. பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம், எக்கருமமும் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்கிறது: அதிஷ்டானம், கர்த்தா, கரணங்கள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். உரைகாரர் அதிஷ்டானத்தை உடல் என்பர். தொழிலகத்துக்கு ஆலையே உடல் என்று விரித்துக்கொள்வதில் குற்றமில்லை.

நம் மலேசிய நாட்டின் புரோட்டோன் கார் நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். 1983 மே மாதம் நிறுவப்பெற்று, 1985 ஜூலை 9இல் முதல் காராகிய சாகாவை அது வெளியிட்டபோது, மித்சுபிஷியின் லான்சர் வண்டியே அதற்கு அடித்தளம், எஞ்சினும் மித்சுபிஷியுடையதே என்பதை எடுத்துக்காட்டி, இது தேசிய கார் ஆகுமா என்று பரிகசித்தார் சிலர். 2017இல் சீனத்துக் கீலி நிறுவனம் 49.9 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றபோது, தேசத்தின் மானமே விலைபோயிற்று என்று வருந்தினார் வேறு சிலர். 2018இன் எக்ஸ்70, 2024 டிசம்பரில் வந்த மின்சார இ.மாஸ் 7 ஆகிய இரண்டுக்கும் மூலம் கீலியின் வண்டிகளே என்றறிந்தபோதும் அதே பேச்சு மீண்டும் கிளம்பிற்று. முழுப் பெருமையும் எமதே என்று முழங்குவோரும், பிறர் கை பட்டதால் பெருமையே இல்லை என்று இகழ்வோரும் ஒரே மயக்கத்தில் நிற்பவர்கள். ஒரு செயலுக்கு ஒரே கர்த்தா இருந்தாக வேண்டும் என்பது அம்மயக்கம். கருவியைப் பிறரிடம் பெற்றவன் செய்த வேலை அவன் வேலையன்று எனில், இரவல் ஏர் பூட்டி உழுதவனுக்கு அறுவடையில் உரிமை இல்லையென்றாகிவிடும்.

நான்காவது காரணமாகிய முயற்சியை, அதாவது உழைப்போரின் உழைப்பைப் பற்றித்தான் என் மனம் அதிகம் கவல்கிறது. ஈயச் சுரங்கக் குழி ஏரியாகி, அதன் கரையிலே விடுதிகளும் அங்காடிகளும் எழுந்துவிட்ட ஸ்ரீ கெம்பாங்கானில், அந்த மண்ணைத் தோண்டிய கூலிகளின் பெயரைச் சொல்வார் இன்று எவருமிலர். புரோட்டோனின் ஷா ஆலாம், தஞ்சோங் மாலிம் ஆலைகளில் தகட்டை வளைத்து, பற்றவைத்து, வண்ணம் பூசிய கைகளுக்கும், அவ்வாலைகளுக்கு உறுப்புகளைச் செய்தளித்த சிறு பட்டறைகளின் கைகளுக்கும் அந்தக் கதியே நேருமாயின், சாதனை என்னும் சொல்லில் பாதி பொய்யாகிவிடும்.

தெய்வத்தை என்ன செய்வது? ஒன்பதாண்டுக் கடனுக்குக் கையொப்பமிட்டுப் புதுக் காடியை எடுத்தவர், கோலாலம்பூர்க் கோர்ட்டுமலைப் பிள்ளையார் சந்நிதிக்கு அதைக் கொண்டுவந்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புறப்படுவதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர் உளர். நான் அவ்வாறு ஒதுக்கேன். கடைசித் திருகாணி வரை மனிதக் கணக்கு முடிந்த பின்னரும் சாலையில் நம் கைக்கு அடங்காத ஒன்று மிஞ்சுகிறது என்பதை அந்த வணக்கம் ஒப்புக்கொள்கிறது. ஆயினும் கீதை தெய்வத்தை முதலில் வைக்காது ஐந்தாவதாக வைத்ததை மறத்தலாகாது. பிரேக்கைச் சரிபார்க்காத ஓட்டியும், தரத்தைச் சோதிக்காத ஆலையும் விதியின்மேல் பழிபோட உரிமையற்றவர்கள்.

தொழிலதிபர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த ஆண்டறிக்கையிலே, ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோரின் படங்களை அச்சிடுங்கள், அதே அறிக்கையில் ஒரு பக்கமேனும் ஆலையில் உழைத்தோரின் பெயர்களுக்கு ஒதுக்குங்கள்.