கூடையிற் கிடக்கும் பின்னல்கள்

மீனாட்சிபுரத்து வெயிலுக்குக் கம்பளி வேண்டாம். மூணாற்றுக் குளிருக்கு வேண்டும். அங்குள்ள பேரக் குழந்தைக்கென ஒரு சட்டையைப் பின்னத் தொடங்குகிறாள் ஒரு தாய். கைப்பகுதி முடியுமுன்னே புதுநிற நூலைக் கண்டு மற்றொன்று தொடங்குகிறாள். பின்னர் ஒரு குல்லாய். மூன்றும் கூடையிற் கிடக்கின்றன. குழந்தையோ வளர்ந்துவிடுகிறது.

பல பின்னல்களை ஒருங்கே வைத்திருத்தல் குற்றமன்று. பேருந்துப் பயணத்துக்கு எளியதொன்று, கண்ணிகளை எண்ணிப் பின்னுவதற்கு வீட்டில் ஒன்று என வைப்பது அறிவுடைமையே. முன்னது எதனால் நின்றது என்பதே வினா. விநயத்தில் இதற்கு நுட்பமான விதியுண்டு. மிகுதியான சீவரத் துணியைப் பிக்கு 10 நாளுக்குமேல் வைத்திருத்தலாகாது. துணி போதாமல், மேலும் கிடைக்குமென்னும் எதிர்பார்ப்பு இருப்பின் ஒரு மாதம் வைக்கலாம். குறையை நிரப்பக் காத்திருத்தலுக்கு அங்கே இடமுண்டு; புதியதன்மேல் எழும் வேட்கைக்கு இல்லை.

ஆளவி நகரத்து நெசவாளன் மகளின் கதையைத் தம்மபத உரை கூறும். பகவான் ஊருக்கு வந்த அன்றே, தார் சுற்றிக் கொண்டுவருமாறு தந்தை பணித்தார். தந்தைக்கு அஞ்சியேனும் அவள் அதைச் சுற்றி முடித்தாள். தாரை ஏந்தியபடியே சபையை அடைந்தாள். அதுவரை பகவான் பேசாது காத்திருந்தார்.

இன்றிரவு கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள். பேரனுக்குச் சிறுத்துப்போன சட்டை, அண்டை வீட்டுக் குழந்தைக்குப் பொருந்தலாம். முடிக்க மனமில்லையேல் பிரித்துவிடுங்கள். நூலைப் பின்னுவோர்க்குக் கொடுங்கள்.