சின்ன அட்டைக்கு விலை போடாதீர்கள்

கரம்பொன் தம்பிமாரே, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுச் சம்மாட்டிமாரே, கடலட்டை விலை ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் இதைச் சொல்ல இனித் தவணை இல்லை.

கடலட்டையை நாம் தின்பதில்லை. அவித்துக் காயவைத்துச் சீனத்துக்கு அனுப்புகிறோம். அதனாலோ என்னவோ, அது கடலுக்கு என்ன செய்கிறது என்று கேட்டதேயில்லை. மணலை விழுங்கி, அதிலுள்ள அழுகலைத் தின்று, துப்புரவான மணலை வெளியே விடுவதுதான் அதன் வாழ்நாள் தொழில். சாதாழைக்கும் முருகைக்கல்லுக்கும் அது செய்யும் ஊழியம் சிறிதல்ல. பசிபிக் கடலின் மூரேயா தீவில் ஆய்வாளர்கள் அட்டைகளை அகற்றிப் பார்த்தார்கள் (வேறு சாதி அட்டைதான்). அகற்றிய இடத்தில் முருகை முழுதாகச் செத்துப்போகும் வாய்ப்பு 15 மடங்கு கூடியதென 2024இல் எழுதினார்கள். நெடுந்தீவில் வேலியாக அடுக்கியிருக்கும் முருகைக்கல் எல்லாம் ஒருகாலம் சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். ஆண் அட்டையும் பெண் அட்டையும் விந்தையும் முட்டையையும் கடல்நீரிலேயே விடுகின்றன. பக்கத்தில் துணை இல்லையென்றால் இரண்டும் கலக்காமலே வீணாகும். ஆகவே கடைசி அட்டை வரை பிடித்தால்தான் வம்சம் அறும் என்றில்லை, ஐதாக்கினாலே போதும். வெள்ளை அட்டை முட்டை விடும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒன்றரை இரண்டு வருடமாகும். அதற்குள் லைற் பிடித்து இரவில் பொறுக்குவது என்ன நியாயம்?

பண்ணை இருக்கிறதே என்பீர்கள். பண்ணைக்குக் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வரவேண்டும். கடலில் பொறுக்கி வலைக்குள் விடுவது வளர்ப்பல்ல, களவு.

இழுவைமடி வந்து அடிக்கடலை வழிக்கிறது என்று கொதிக்கிறோம். நியாயமான கொதிப்பு, 2017இல் நம் நாடு அதைச் சட்டத்தால் தடுத்ததும் சரி. அதே அடிக்கடலை நாம் கையால் வழித்தால் யாரிடம் போய் முறையிடுவது? அக்கரையில், இந்தியாவில், 2001இல் அட்டையைப் புலி, யானையோடு ஒரே பட்டியலில் சேர்த்துத் தொழிலையே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கதி இங்கே வந்தால் முதலில் பட்டினி கிடப்பது சுழியோடிதான், ஏற்றுமதிக்காரர் அல்ல.

சுழியோடிகளே, அனுமதிப்பத்திரம் இல்லாமல் இறங்காதீர்கள், முருகையைப் புரட்டாதீர்கள், சிறிசைத் தொடாதீர்கள். சம்மாட்டிமாரே, உங்களுக்குத்தான் கூடுதல் பொறுப்பு. சின்ன அட்டை வாடிக்கு வந்தால் விலை பேசாமல் திருப்பி அனுப்புங்கள். வாங்க ஆளில்லையென்றால் பிடிக்கவும் ஆளிருக்காது.