பத்து வயதுப் பிள்ளைக்காக ஒரு பதில்

ஒரு கேள்வி இப்படிப் போகிறது. நடப்பதில் கொஞ்சம் சிரமம், ஓரளவு வலி, கொஞ்சம் கவலை. இந்த நிலையில் பத்து வருடம் வாழ்ந்து செத்துப்போவது ஒரு பக்கம். எந்தக் குறையும் இல்லாமல் எட்டே வருடம் வாழ்ந்து செத்துப்போவது இன்னொரு பக்கம். எது வேண்டும்? எட்டு வருடத்தை எடுத்துக்கொண்டால், ஏழு என்றால் சம்மதமா என்று கேட்பார்கள். அப்புறம் ஆறு. 'ரெண்டும் ஒண்ணுதான், எதுன்னாலும் சரி' என்று நீங்கள் சொல்லும் இடம் வரும்வரை இந்தப் பேரம் நடக்கும். எட்டில் நின்றால் உங்களைப் பொறுத்தவரை அந்த நோய்நிலையின் மதிப்பு 0.8. ஆறில் நின்றால் 0.6. முழு ஆரோக்கியம் 1, மரணம் 0. இந்த எண்ணை வாழும் ஆண்டுகளால் பெருக்கினால் வருவதற்குப் பெயர் 'குவாலி', அதாவது தரத்தையும் சேர்த்து எண்ணிய ஆயுள் ஆண்டு.

இதைச் சொன்னதும் இலக்கிய நண்பர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். வாழ்க்கையை எண்ணாக்கலாமா என்று. நான் தொழிற்சாலையில் அழுத்தமானிகளோடு மல்லுக்கட்டுகிறவன்; எனக்கு எண்கள் மேல் கோபம் கிடையாது. மருந்துக்கு ஒதுக்கும் பணம் எந்த நாட்டிலும் எல்லோருக்கும் போதாது. எதை வாங்குவது, எதை விடுவது என்று யாரோ ஒருவர் முடிவெடுத்துக்கொண்டேதான் இருக்கிறார். பிரிட்டனில் ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்ட் வரை கொடுக்கலாம் என்ற அளவுகோல் பல ஆண்டுகள் வெளிப்படையாகவே இருந்தது. மலேசிய சுகாதார அமைச்சில் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுப் பிரிவு 1995லிருந்து இருக்கிறது. சிங்கப்பூரில் அதுபோன்ற வேலைக்கு 2015ல் ஒரு அமைப்பு வந்தது. அமைச்சருக்குத் தெரிந்தவருடைய நோய்க்கு முதலில் மருந்து கிடைப்பதைவிட, சண்டை போட ஓர் எண்ணாவது இருப்பது மேல்.

என் சங்கடம் வேறு. எந்த மானியையும் நம்புவதற்கு முன் அது எதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது என்று கேட்பது எங்கள் வேலை. இங்கே பூஜ்ஜியம் என்பது மரணம். அங்கே போய்த் திரும்பி வந்து, 'ஆமாம், பூஜ்ஜியம் சரியாகத்தான் இருக்கிறது' என்று சொன்னவர் யாருமில்லை. போதாக்குறைக்கு முள் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகும். நடமாட்டம், சுயபராமரிப்பு, அன்றாட வேலை, வலி, கவலை என ஐந்து கேள்விகள் கொண்ட இ.கியூ-5டி என்ற படிவத்துக்கு பிரிட்டனில் தொண்ணூறுகளில் மதிப்புகள் கண்டார்கள். ஐந்துமே மிக மோசமாக இருக்கும் நிலைக்கு வந்த எண் -0.594. மரணத்தைவிட மோசம் என்று அர்த்தம். மலேசியாவுக்கான மதிப்புகள் 2019ல் வெளிவந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் உட்கார்ந்து கேட்டு வாங்கியவை. இங்கேயும் கடைசி நிலை பூஜ்ஜியத்துக்குக் கீழேதான் போனது.

கேட்கப்பட்ட எல்லோரும் பெரியவர்கள். அப்படியானால் பிள்ளைகள்?

அதே படிவத்தின் சிறுவர் வடிவம் 2010ல் வந்தது. கேள்விகளைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி மாற்றியிருக்கிறார்கள். 'பதற்றம், மனச்சோர்வு' என்று வரும் இடத்தில் 'கவலையாக, சோகமாக, சந்தோஷம் இல்லாமல்' என்று இருக்கும். எட்டு வயதுப் பிள்ளைகூடத் தானே கட்டத்தில் குறியிடலாம். ஆனால் அந்தக் குறிக்கு விலை போடுவது பிள்ளையல்ல. 2020ல் வெளியான அனைத்துலக வழிமுறை பெரியவர்களைத்தான் கேட்கச் சொல்கிறது: பத்து வயதுப் பிள்ளை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பிள்ளைக்கு எது மேல்?

காரணம் கருணைதான். ஒரு சிறுபிள்ளையிடம் போய் நீ எத்தனை வருடம் முன்னாடியே செத்துப்போகத் தயார் என்று கேட்க எந்தப் பெற்றோர் விடுவார்? மரணத்தைப் பேசாமல் கேட்கும் முறைகளும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 11 முதல் 17 வயது வரையிலானவர்களிடம் ஒரு நிலையில் எது பரவாயில்லை, எது மோசம் என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த எடையும் பெரியவர்கள் கொடுத்த எடையும் ஒன்றாக இல்லை. இருந்தாலும் பூஜ்ஜியம் என்ற புள்ளியில் கொண்டுபோய்க் கட்டுவதற்கு அங்கேயும் வயது வந்தவர்களின் பதில்தான் வேண்டியிருந்தது.

கருணையின் கணக்கு எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். நம்முடைய வலிக்காக நம் ஆயுளில் இரண்டு வருடத்தை விட்டுக்கொடுக்க நாம் தயங்குவதில்லை. அதையே ஒரு பிள்ளையின் ஆயுளிலிருந்து வெட்டச் சொன்னால் கை வராது. இந்தத் தயக்கம் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரே நோய்நிலை. தனக்கென்று கேட்டபோது எட்டு வருடத்தில் நின்றவர், பிள்ளைக்கென்று கேட்டபோது ஒன்பதரைக்குக் கீழே இறங்கவில்லை. பெரியவருக்கு அந்த நிலை 0.8, பிள்ளைக்கு 0.95. அதை முழுதாகக் குணமாக்கும் மருந்து வருடத்துக்குப் பத்தாயிரம் ரிங்கிட் என்று வையுங்கள். பெரியவருக்குக் கிடைக்கும் லாபம் வருடத்துக்கு 0.2, ஒரு குவாலி ஐம்பதாயிரம் ரிங்கிட். பிள்ளைக்குக் கிடைக்கும் லாபம் 0.05 மட்டும், ஒரு குவாலி இரண்டு லட்சம் ரிங்கிட்.

பிள்ளையின் ஒரு வருடத்தைக்கூட விட்டுத்தர மாட்டேன் என்ற பாசம், அந்தப் பிள்ளையின் வலி பெரிய வலியில்லை என்று தாளில் பதிவாகிறது. உயிரைக் காப்பாற்றும் மருந்தென்றால் இதே எண் பிள்ளைக்குச் சாதகமாகத் திரும்பும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தினப்படி வாழ்க்கையைக் கொஞ்சம் இலகுவாக்கும் மருந்தும் கருவியும் வரிசையில் பின்னே போகும். யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

என் சின்னம்மா மகளுக்கு வயது பதினாறு. முதல் வகை இனிப்பு நீர். ஒரு நாளைக்கு நான்கு ஊசி, விரல் நுனியில் குத்திக் குத்திப் பார்ப்பது தனி. நான் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது என்ன என்று கேட்டாள், சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எந்த வருஷத்தைக் குடுக்கணும்ணா? எஸ்.பி.எம். வருஷம்னா இப்பவே எடுத்துக்கச் சொல்லுங்க" என்றாள். சின்னம்மா சமையலறையிலிருந்து என்னை முறைத்தார்.

அவள் விளையாட்டாகச் சொன்னாலும், இந்த முறையின் மிகப் பலவீனமான மூட்டில் கை வைத்துவிட்டாள். எல்லா வருடமும் ஒரே எடை என்று வைத்துக்கொண்டுதான் அந்தப் பெருக்கல் நடக்கிறது. நாற்பத்தைந்து வயதுக்காரரின் பத்து வருடம் ஏறக்குறைய ஒன்றுபோல ஓடலாம். பதினாறிலிருந்து இருபத்தாறு வரை அப்படியா? படிப்பு, கார் லைசென்ஸ், முதல் சம்பளம், யாரிடமும் சொல்லாத காதல் எல்லாம் அதற்குள்தான். பத்து வயதுப் பிள்ளையின் பத்து வருடமோ இருபதில் முடிந்துவிடும். நாம் வாழ்க்கை என்று சொல்லும் பலதும் தொடங்குவதற்கு முன்பே.

அவளையே கேட்டு விலை போட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. எப்படி இருக்கே என்றால், "எனக்கு ஒண்ணும் இல்லண்ணா, பழகிருச்சு" என்பாள். பொய்யில்லை. கடுமையான உடற்குறைகளோடு வாழ்பவர்களில் பலர் தங்கள் வாழ்க்கை நன்றாக இருப்பதாகச் சொல்வதை ஆல்பிரெக்டும் டெவ்லீகரும் 1999லேயே எழுதினார்கள். பழகியவளின் 0.95ஐ நம்பினால் அவளுக்குப் புதிய கருவி வாங்கித்தர அவசரமில்லை என்றாகும். பழகாதவர்களின் அச்சத்தை நம்பினால், அவள் வாழும் வாழ்க்கை அவ்வளவு மோசம் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வதாகும். இரண்டில் எனக்கு முதலாவதன் மேல்தான் அதிக பயம். பழகிக்கொண்டது அவள் திறமை. அதற்கு அபராதம் போடக் கூடாது.

ஐந்தாவது கேள்வியில் எனக்கு இன்னும் பெரிய சந்தேகம். 2022 தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டின் 13 முதல் 17 வயதினரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. நம் வீடுகளில் பதினைந்து வயதுப் பிள்ளை மனசு சரியில்லை என்றால் என்ன பதில் வரும்? "உனக்கென்ன கவலை? சாப்பாடு இல்லையா, போன் இல்லையா?" இதே வாய்தான் பிள்ளைக்காக நினைத்துப்பார்த்து அந்தக் கவலைக்கு எடை போடப்போகிறது.

வரி கட்டுகிறவன்தான் மதிப்பிட வேண்டும் என்பது இதற்கு எதிராக அடிக்கடி வரும் வாதம். பொதுப் பணம், ஆகவே பொதுமக்களின் விருப்பம். சரி. ஆனால் பதினாறு வயதுக்காரியும் வாங்கும் பொருளில் விற்பனை வரி கட்டுகிறாள், ஓட்டுதான் இல்லை. ஓட்டு வயதையே 21லிருந்து 18க்கு நாம் 2019ல்தான் இறக்கினோம். அதுவரை இருபது வயதுக்காரனுக்கும் இதே காரணங்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பத்து வயதுப் பிள்ளையிடம் மரணத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். பதினாறு பதினேழு வயதினரைக் கேட்கலாம் என்பது என் கருத்து. நீரிழிவோடும் ஆஸ்துமாவோடும் வாழ்பவர்களுக்கு மரணம் நாம் போய் அறிமுகப்படுத்த வேண்டிய விஷயமில்லை. பிள்ளைக்காகப் பெரியவர் பதில் சொன்னால், அவர் ஏன் ஒன்பதரையில் நின்றார் என்பதையும் கேட்டு எழுதி, அந்த எண்ணோடு சேர்த்தே முடிவெடுக்கும் மேசைக்கு அனுப்ப வேண்டும். 'சின்னப் புள்ள, மனசு வரல' என்று அவர் சொல்லியிருந்தால், அந்த 0.95ல் எவ்வளவு அந்தப் பிள்ளையின் உடம்பைப் பற்றியது, எவ்வளவு அவருடைய மனசைப் பற்றியது என்று அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பிரித்துப் பார்க்கட்டும்.