பொற்கிண்ணத்துப் பால்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் 'பால்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஒன்று, ரப்பர் மரம் தருவது; மற்றொன்று, தாய் தருவது. சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன்னே பிரட்டுக்குச் சென்ற நம் பெண்கள், மரத்தின் பாலைத் துளி சிந்தாமல் மங்கில் சேர்த்தார்கள். அது வாளியில் நிறைந்து, ஸ்டோரில் நிறுக்கப்பட்டு, அவரவர் பெயருக்கு நேரே கணக்கில் ஏறியது. தாயின் பாலோ, ஆயாக் கொட்டகைத் தொட்டிலில் குழந்தை வீறிட்டழும் வேளையில், நிரையில் நின்றவளின் மார்பிலே கட்டி, சட்டையை நனைத்து வீணாயிற்று. மரத்தின் பாலுக்குக் கணக்கு இருந்தது. மனிதப் பாலுக்குக் கணக்கு இல்லை.

என் தாயும் அவ்வாறு பால்மரம் சீவியவரே. இன்று என் மகள் கூலிம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் முறைவேலை பார்க்கிறாள். ஆயாக் கொட்டகைக்குப் பதிலாக, ஓய்வுபெற்ற ஆசிரியையாகிய நான் அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன். கைக்கடக்கமான இயந்திரத்தால் பாலைப் பீய்ச்சியெடுத்து, சிறு புட்டிகளில் நிரப்பி, நாளும் நேரமும் எழுதிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு அவள் வேலைக்குப் போவாள்.

ஒரு நாள் புட்டியொன்றில் மேலே ஏடு படிந்தும் கீழே நீர்த்தும் இருக்கக் கண்டேன். திரிந்துவிட்டது என்று எண்ணி, மூன்று புட்டிகளையும் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். மாலையில் வந்த மகள் வெறும் புட்டிகளைப் பார்த்து அழுதாள். "கறந்த பால்தானே, அதற்கா இவ்வளவு?" என்றேன். மாட்டுக்குச் சொல்லும் சொல்லை மகளுக்குச் சொன்னேன். "அம்மா, அது நான் சோறு உண்ணாமல் மிச்சம் பிடித்த நேரம்" என்றாள் அவள். தொழிற்சாலையில் தனியறை இல்லாமையால் கழிப்பறையில் நின்றே பால் எடுக்கிறாள் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். தாய்ப்பாலை நிறுத்திவைத்தால் கொழுப்பு மேலே மிதப்பது இயல்பு என்பதையும், மெல்ல அசைத்தால் அது மீண்டும் கலந்துவிடும் என்பதையும் பின்னர்க் கற்றுக்கொண்டேன்.

பீய்ச்சியெடுத்த பால் தாய்ப்பால்தானா? மடியும் மணமும் முகம் பார்த்தலும் இல்லாதபோது அது வெறும் உணவுதானே என்பார் சிலர். பால் சேர்ந்தால் போதும், தாய் எங்கிருந்தால் என்ன என்பார் வேறு சிலர். இரு சாராரும் பாதி உண்மையையே பேசுகின்றனர்.

முதற் சாராருக்கு நம் இலக்கியமே விடை தருகிறது. சீகாழிக் குளக்கரையில் அழுத குழந்தை சம்பந்தருக்கு உமையம்மை பால் ஊட்டிய செய்தியைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். அம்மை மார்போடு அணைத்து ஊட்டவில்லை. பொற்கிண்ணத்தில் பொழிந்து ஊட்டினாள். கிண்ணத்தில் வந்ததால் அப்பாலின் பெருமை குறைந்ததென்று எவரும் கூறியதில்லை. சங்க அகப்பாடல்களும் பெற்றவளை நற்றாய் என்றும், வளர்ப்பவளைச் செவிலித்தாய் என்றும் கூறி, இருவரையும் தாயென்றே போற்றின. பிள்ளைக்குப் பசிக்கும் வேளையை எட்டத்திலிருந்தே எண்ணி, உடல் நோகப் பாலைச் சேர்ப்பவளிடம் தாய்மை எங்கே குறைகிறது? அவள் நினைவே புட்டியில் நிறைந்து வருகிறது. அதை மடியில் வைத்து, முகம் பார்த்து ஊட்டுவது செவிலியின் கடன். அந்தக் கடனில்தான் நான் தவறினேன்.

இரண்டாம் சாராருக்கு விடை கூறுமுன் சில கணக்குகளைப் பார்ப்போம். நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பேறுகால விடுப்பாக 60 நாள் வழங்கி வந்தது. 2023 சனவரி முதல் நாளிலிருந்து அது 98 நாளாயிற்று. உலகச் சுகாதார நிறுவனமோ முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே ஊட்டுக என்கிறது. ஆறு மாதமென்பது ஏறத்தாழ 180 நாள். இடையிலுள்ள 82 நாளை யார் நிரப்புவது? இந்தியாவில் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம், அதாவது 182 நாள் விடுப்பு வழங்கி, ஐம்பது பேருக்குக் குறையாத பணியிடங்களில் குழந்தைக் காப்பகமும் வேண்டும் என்றது. அங்கே சட்டம் ஏற்கும் சுமையை இங்கே ஒரு சிறு இயந்திரமும் ஒரு தாயின் உணவு வேளையும் சுமக்கின்றன.

அந்த வேளையைப் பறித்தால் அன்றைய பால் மட்டும் நட்டமாவதில்லை. எடுக்க எடுக்கச் சுரப்பதும், எடுக்காது விட்டால் வற்றுவதும் தாய்ப்பாலின் இயல்பு. பணியிடத்தில் தடைப்பட்ட பால் நாளடைவில் வீட்டிலும் குறையும். பிறகு டப்பாப் பால்தான் துணை. அவ்வழி எங்கே கொண்டுபோய்விடும் என்பதை இந்த மண் முன்பே கண்டிருக்கிறது. 1939இல் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில் ஆற்றிய உரைக்குப் 'பாலும் கொலையும்' என்றே தலைப்பிட்டார். இனிப்பூட்டிய கெட்டிப்பாலைக் குழந்தைக்கு ஏற்ற உணவெனப் பரப்பியதை அவர் அவ்வளவு கடுமையாகக் கண்டித்தார். தாய்ப்பாலூட்டலுக்கான உலகக் கூட்டமைப்பு 1991இல் தோன்றி, நமக்கு அண்டையிலுள்ள பினாங்கிலிருந்தே பணியாற்றி வருவதும் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஆகவே இயந்திரம் நல்லதா தீயதா என்று கேட்பதில் பயனில்லை. அது யாருக்குப் பணி செய்கிறது என்று கேட்பதே அறம். தாய் தன் விருப்பத்தால் கையாளும்போது அது அவளுக்கு விடுதலை. 'இயந்திரம் இருக்கிறதே, விடுப்பு எதற்கு, காப்பகம் எதற்கு?' என்று முதலாளி கேட்கத் துணிந்தால், அதே கருவி அவள் கழுத்திலிட்ட புதிய நுகத்தடியாகிவிடும். பால் இயலாத தாயும், சுரக்காத தாயும் நம்மிடையே உண்டு. அவர்களைக் குறை கூறுவதும் அறமன்று. நாம் கணக்குக் கேட்க வேண்டியது தாயிடம் அன்று. அவளுடைய நேரத்தை வாங்கிக்கொண்டவர்களிடம். பூட்டக்கூடிய ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு குளிர்பெட்டி, ஊதியம் குறையாத அரைமணி நேரம்: இவை சலுகைகள் அல்ல, கடன்கள்.

அந்த மாலைக்குப் பிறகு நான் எந்தப் புட்டியையும் வெறும் புட்டியாகப் பார்த்ததில்லை. வெதுவெதுப்பான நீரில் வைத்து, மெல்ல அசைத்து, மேலே எழுதியிருக்கும் நேரத்தை ஒருமுறை படித்த பின்னரே ஊட்டுகிறேன். காலை 10.15 என்றிருக்கும். என் தாய் நிரையில் நின்று சட்டை நனைந்ததும் ஏறத்தாழ அதே வேளையில்தான். அந்தப் பாலுக்கு இல்லாத கணக்கு இந்தப் பாலுக்காவது எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்து மதிப்பது நம் கடமை.