கீழே வைத்த வாள்

'நீலிக் கண்ணீர்' என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். அந்தக் கண்ணீருக்கு ஊர் உண்டு. திருத்தணி வட்டத்தில், அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருவாலங்காடும் அதை அடுத்த பழையனூரும்தான் அது. முற்பிறவியில் கணவன் கையால் செத்த ஒருத்தி நீலியாகி, இப்பிறவியில் வணிகனாக வந்தவனைத் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, 'இவர் என் புருஷன், எங்களைக் கைவிட்டுப் போகிறார்' என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். வணிகன் கையில் அவனைக் காக்கும் வாள் இருக்கிறது. சபையிலிருந்த 70 வேளாளரும், 'வாளை எங்களிடம் கொடுத்துவிட்டு அவளோடு தங்கு. உன் உயிருக்குத் தீங்கு வந்தால் எங்கள் உயிர் ஈடு' என்கிறார்கள். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். 70 பேரும் சொன்னபடி தீயில் இறங்கினார்கள். வஞ்சகத்தால் ஒருவன் உயிர் போன அந்தச் செய்தியை 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் ஆலங்காட்டுப் பதிகத்தில் குறிப்பிட்டுவிட்டார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார், தொண்டை நாட்டின் பெருமைகளில் ஒன்றாகப் பழையனூராரின் வாய்மையை எண்ணுகிறார்.

இந்தக் கதையை வாய்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிப் பழகிவிட்டதால், அதற்குள் இருக்கும் கடினமான கேள்வி கண்ணில் படுவதில்லை. அந்த 70 பேரும் பொய் சொல்லவில்லை. அவர்களும் ஏமாற்றப்பட்டவர்களே. நம்பியதைச் சொன்னார்கள், நம்பியது தவறாகிப்போனது. தெரியாமல் கொடுத்த வாக்கு ஒருவரைக் கட்டுமா? இன்று இந்தக் கேள்வி மிகச் சாதாரணமான ஓர் இடத்தில் வந்து நிற்கிறது. ஒருவர் தன் பழைய கேமராவை ஆன்லைனில் விற்கிறார். 'நல்ல கண்டிஷன், எந்தக் குறையும் இல்லை' என்று மனமார நம்பி எழுதுகிறார். கூரியரில் போய்ச் சேர்ந்த சில நாளில், லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருக்கிறது என்று வாங்கியவர் படத்தோடு புகார் அனுப்புகிறார். விற்றவர் திகைக்கிறார். 'எனக்குத் தெரியாது, நான் ஏமாற்றவில்லை' என்கிறார். அவர் சொல்வது உண்மை. அந்த உண்மை இங்கே போதாது என்பதே என் கருத்து.

ஏன் போதாது என்பதற்கான விடை அந்த வாளில் இருக்கிறது. வணிகன் தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாமல் வரவில்லை. சபையின் சொல்லை நம்பித்தான் வாளைக் கீழே வைத்தான். அந்தக் கணத்திலிருந்து அவனுக்கு இருந்த ஒரே காப்பு அந்தச் சொல். 1985இல் எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய பொருள் வாங்கியவர், அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், வேண்டாமென்றால் வைத்துவிட்டுப் போனார். அதுதான் அவருடைய வாள். கேமராவில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம், ஏனென்றால் அதன் குறைகள் வெளிச்சத்துக்கு வராதவை. ஈரக்காற்று மிகுந்த நம் ஊர்களில் லென்ஸின் உட்கண்ணாடியில் படரும் பூஞ்சை, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து உற்றுப் பார்த்தால்தான் சிலந்தி நூல்போலத் தெரியும். சென்சாரில் ஒட்டிய தூசி, அப்பர்ச்சரை நன்றாகச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால்தான் புள்ளிகளாக வரும். ஷட்டர் எத்தனை ஆயிரம் முறை விழுந்திருக்கிறது என்பதை வெளியுடம்பின் பளபளப்பு சொல்லாது. ஆன்லைனில் வாங்குபவர் இந்த ஒவ்வொரு சோதனையையும் விட்டுக்கொடுக்கிறார், அதற்கு ஈடாக நான்கு படங்களையும் ஒரு வரிச் சொல்லையும் பெற்றுக்கொள்கிறார். ஆகவே புகார் வரும்போது விற்றவர் 'நான் பொய் சொன்னேனா?' என்று தன் நெஞ்சைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. 'என் சொல்லை நம்பி அவர் எதைக் கீழே வைத்தார்?' என்பதையும் கேட்க வேண்டும். முதல் கேள்வி தன் மனத்தூய்மையைப் பற்றியது. இரண்டாவதுதான் மற்றவருக்கு நேர்ந்ததைப் பற்றியது.

சட்டம் இப்படிக் கேட்கவில்லையே என்று சொல்லலாம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், தரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பொதுவாக வாங்குபவர் மீதே வைக்கிறது. 2020இல் வந்த மின்வணிக விதிகள், தொழிலாகச் செய்யாமல் சொந்தப் பொருளை விற்கும் தனிமனிதரைத் தொடுவதில்லை. உண்மைதான். ஆனால் அதே 1930 சட்டம், விவரித்து விற்ற பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில் தரும் குதிரை உதாரணம் இதைவிட நுட்பமானது. குதிரைக்கு நோய் என்று தெரிந்தே ஒருவர் அதை ஏலத்தில் விற்று வாய்மூடி இருந்தால் அது மோசடி ஆகாது. வாங்குபவர் அப்போதுதான் வயதுக்கு வந்த அவருடைய மகளாக இருந்தால் சொல்லும் கடமை உண்டு. 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்' என்று ஒருவர் சொல்லி, விற்பவர் சும்மா இருந்தால், அந்த மௌனமே பேச்சு. ஆங்கிலேயர் எழுதிய அந்த வறண்ட சட்டத்துக்குக்கூட, யார் யாரை நம்பி நிற்கிறார் என்பதைப் பொறுத்துக் கடமை கூடும் என்பது தெரிந்திருக்கிறது. அறமும் அதைத்தான் சொல்கிறது, இன்னும் அழுத்தமாக. நபிகள் நாயகம் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு, மழையில் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று வணிகரிடம் கேட்டதாக ஹதீஸ் உண்டு. மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. ஈரம் உள்ளே போனதுதான் கேள்வி. மனுதர்ம நூல் இன்னும் ஒரு படி போய், வாங்கியவரோ விற்றவரோ மனம் மாறினால் பத்து நாளுக்குள் திருப்பிக்கொள்ளலாம் என்கிறது. அந்நூலில் நான் ஏற்க முடியாதவை பல, இந்த ஒரு விதியில் மனித இயல்பு தெரிந்த கை இருக்கிறது.

வலுவான எதிர்வாதம் வேறொன்று. வாங்கியவரே நீலியாக இருந்தால்? நல்ல லென்ஸை எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்த பூஞ்சை பிடித்ததைத் திருப்பி அனுப்புபவர் உண்டு. கீழே போட்டு உடைத்துவிட்டு 'வரும்போதே இப்படித்தான்' என்பவரும் உண்டு. அழுதவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா அறம்? இங்கேதான் பழையனூர்ச் சபையிடம் குறை காண வேண்டியிருக்கிறது. அவர்கள் தீயில் இறங்கியதைப் போற்றும் நாம், அதற்கு முந்தைய இரவில் அவர்கள் செய்யத் தவறியதைப் பேசுவதில்லை. கண்ணீரைக் கண்டார்கள், கள்ளிக் கொம்பைக் காணவில்லை. வணிகன் அஞ்சிச் சொன்னதற்குக் காது கொடுக்கவில்லை. விசாரிக்காத இரக்கம் ஓர் உயிரைக் குடித்தது. ஆகவே புகாரை விசாரிப்பது வாங்கியவரை அவமதிப்பது ஆகாது. லென்ஸில் பொறித்த வரிசை எண்ணோடு படம் கேட்கலாம், பெட்டி பிரித்தபோது எடுத்த வீடியோ கேட்கலாம், இருவருக்கும் பொதுவான ஒரு மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லலாம். இதையெல்லாம் செய்யக்கூடியவராக இருக்க, விற்றவரும் அனுப்பும் முன்பே எண்ணைக் குறித்துப் படமெடுத்து வைத்திருக்க வேண்டும். சந்தேகம் ஒருவர் பக்கம் மட்டும் பாய்ந்தால் அது விசாரணை ஆகாது. விசாரித்தபின் பூஞ்சை உண்மை, லென்ஸும் அதுவே என்று தெரிந்தால், சாக்குத் தேடக் கூடாது. 'பாதி விலைக்குப் பேரம் பேசி வாங்கியவர்தானே' என்ற சாக்கு மனதில் எழும். நீலி கதையில் வணிகன் முற்பிறவியில் மனைவியைக் கொன்றவன். அவனுக்கு வந்தது அவன் வினை என்று சொல்ல முழு நியாயம் இருந்தும், அந்த வினை கொடுத்த வாக்கைக் கரைத்ததாகக் கதை சொல்லவில்லை.

இது ஒரு சாதியின் பெருமைக்காகப் பேணப்பட்ட கதை, இதிலிருந்து எல்லோருக்குமான அறத்தை எடுக்கலாமா என்றும் கேட்பார்கள். பேணியவர் யாராயினும், தெரியாமல் சொன்னதற்கும் விலை உண்டு என்பதை எந்த மனிதரும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு உறுத்துவது வேறு: வாக்கின் எல்லை. எல்லாக் குறைக்கும் என்றைக்கும் பொறுப்பேற்றால் பழைய பொருளை யாரும் விற்க முடியாது. 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், முதலாம் இராசேந்திரன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் இதே பழையனூரை ஆலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்ததைச் சொல்பவை. 31 ஏடுகள். தமிழ்ப் பகுதி ஊரின் எல்லைகளை விரிவாக எழுதிச் செல்கிறது. கொடுப்பது எதுவரை என்று எழுதுவதும் வாய்மையின் பகுதி என்பது அந்த எழுத்தருக்குத் தெரிந்திருந்தது. கேமரா விற்பவரும் அப்படி எல்லை வரையலாம். 'லென்ஸை டார்ச் அடித்துப் பார்க்கவில்லை, பார்க்கத் தெரியாது, அதற்கேற்ப விலை குறைத்திருக்கிறேன்' என்று எழுதியவரிடம் பூஞ்சைக்காகப் பணம் கேட்க வாங்கியவருக்கு உரிமையில்லை. வாளைக் கீழே வைக்கும்படி அவர் கேட்கவே இல்லை. 'எந்தக் குறையும் இல்லை' என்று எழுதியவர் கேட்டிருக்கிறார். அவர் முழுத் தொகையையும் கொடுத்து, திரும்பி வரும் கூரியர் கட்டணத்தையும் ஏற்க வேண்டும். பூஞ்சை பிடித்த அந்த லென்ஸை அவர் மறுபடி விற்க வைக்கும்போது, அந்தப் பூஞ்சையின் படமே முதல் படமாக இருக்க வேண்டும்.