மிதிக்கத் தயங்கிய நிலம்

ஆனிப் பௌர்ணமியில் மாங்கனி இறைக்கும் காரைக்கால்காரர்களாகிய நமக்குக் கயிலாயம் பழகிய பெயர். அம்மையார் அந்த மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து போனார் என்று சேக்கிழார் பாடியதைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். அவர் மிதிக்கத் தயங்கிய நிலம் எப்படிப்பட்டது என்று மட்டும் நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை.

நம்முடையது காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல். வரப்பைவிட உயர்ந்த மேட்டை இங்கே தேடத்தான் வேண்டும். கயிலாயம் நிற்கும் மேற்குத் திபெத்திலோ தரையே 4,500 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. பருவ மேகங்கள் இமயத்தின் தென்சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால், அப்பால் மிஞ்சுவது காற்றும் சரளையும் விரற்கடைப் புல்லும்தான். ஐப்பசி அடைமழையில் நமக்கு ஒரு வாரத்தில் பெய்துவிடுவது அங்கே ஓராண்டு மழை. விறகுக்கு மரமில்லை, யாக் மாட்டின் சாணமே அடுப்பெரிக்கிறது, அதன் முடியே கூடாரமாகிறது. சிந்துவும் பிரம்மபுத்திராவும் சட்லெஜும் கர்ணாலியும் புறப்படுவது இந்த வறண்ட வட்டாரத்திலிருந்துதான்.

அங்கே ஆடும் யாக்கும் மேய்ப்பவர்கள், புல் அடியோடு தீருமுன் கூடாரத்தைச் சுருட்டிவிடுவார்கள். குளிரில் அரும்பாடுபட்டு முளைத்த வேர் அற்றால், மண்ணே காற்றோடு போய்விடும். அம்மையார் பக்தியால் உணர்ந்ததை இவர்கள் பிழைப்பால் உணர்ந்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது: நம் பாரத்தைச் சுமக்கும் மண்ணுக்கும் ஒரு பொறுமை உண்டு, அந்தப் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லை வருமுன் காலை எடுத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கே மறுபடி வந்து ஊன்றும் உரிமை வாய்க்கிறது. இந்த நூற்றாண்டில் சீன அரசு அந்த வெளிகளில் வேலியடைத்து, மேய்ப்பர் குடும்பங்கள் பலவற்றை வீடுகளில் குடியமர்த்தியிருக்கிறது. புல்வெளியைக் காக்கவே இது என்கிறது அரசு. நகர்வதே காவலாக இருந்த இடத்தில், நகர்ந்தவர்களையே குற்றவாளிகளாக்கும் இந்த நியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த அறிவைத் தேடி நாம் இமயம்வரை போக வேண்டியதில்லை. சம்பா அறுவடை முடிந்ததும் இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிவந்து டெல்டா வயல்களில் கிடை போடுகிறார்கள். இரவுதோறும் பட்டியை இடம் மாற்றுகிறார்கள். வயல் உரம் பெறுகிறது. அவர்கள் வருவதும் போவதும் நிலம் ஓய்ந்திருக்கும் அந்தச் சில மாதங்களை நம்பித்தான். அந்த ஓய்வையும் ஆழ்துளைக் கிணற்றால் நிரப்பி, கடலோர மண்ணுக்குள் உப்பு ஏற இடம் கொடுக்கிற நாம், கீதாரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.