பன்னிரு ஆண்களின் பாதங்கள்

பெரிய வியாழன் மாலை பீடத்தருகே போடப்படும் பன்னிரண்டு நாற்காலிகளில் யார் யார் அமர்வது என்பது, அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துச் சிற்றூர்ப் பங்குகளில் எளிதில் முடிகிற காரியமன்று. தெருவுக்கு இருவர், நாட்டாண்மைக் குடும்பத்துக்கு ஒருவர், சென்ற ஆண்டு விடுபட்டவருக்கு ஈடாக ஒருவர் என்று தவக்காலம் முடியுமுன்பே கணக்குத் தொடங்கிவிடும். அமர்கிறவர்கள் புது வேட்டி எடுப்பார்கள். கோவிலுக்குப் புறப்படுமுன் வீட்டிலேயே காலை நன்கு தேய்த்துக் கழுவிக்கொள்வார்கள். அதற்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பது பெரும்பாலும் மனைவி. ஆக, அழுக்கே இல்லாத காலைத்தான் குரு கழுவுகிறார். ஆண்டவர் இதைக் கண்டு சற்றுச் சிரித்திருப்பார் என்றே எண்ணுகிறேன்.

அடிமையின் வேலையை ஆண்டவர் தம் கையில் எடுத்துக்கொண்ட செயல் அது. அது எப்படி ஆண்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் மரியாதையாக மாறியது? திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955ஆம் ஆண்டு புனித வாரச் சடங்குகளைச் சீரமைத்தபோது, பாதம் கழுவுதலைத் திருப்பலிக்குள்ளேயே செய்ய வழிவகுத்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட 'ஆண்கள்' என்பதே சடங்குநூலின் சொல். திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று உரோமை நகரின் சிறார் சிறையில் பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் இருவர் பெண்கள். 2016 சனவரியில் அச்சொல்லே மாற்றப்பட்டது. இறைமக்கள் அனைவரிலிருந்தும் தேர்ந்தெடுக்கலாம் என்றாயிற்று. சட்டம் மாறிற்று, எல்லா ஊர்களிலும் நாற்காலிகள் மாறிவிடவில்லை.

"ஆம்பளைங்களுக்குன்னு ஒரு சடங்கு இருந்துட்டுப் போகட்டுமே சாமி, அதுல என்ன தப்பு?" என்று பங்குப்பேரவைப் பெரியவர் ஒருவர் கேட்டார். இதை ஆணவம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கார்த்திகை பிறந்ததும் நம் ஊர்களில் மாலை அணிந்து மலைக்கு விரதமிருக்கும் இந்துச் சகோதரர்களைப் பார்க்கிறோம். குடியும் சுடுசொல்லும் ஒரு மண்டலம் விலகி நிற்கின்றன. நம்மவர் பலரும் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கையில் அவ்வாறே அடங்கியிருக்கிறார்கள். ஆண் தன்னை அடக்கக் கற்பதற்கு ஒரு சடங்கு துணை செய்கிறதென்றால் அது சிறிய நன்மையா? ஆனால் அந்த நாற்பது நாளும் வைகறையில் எழுந்து, குளித்து, தனிப் பாத்திரத்தில் சமைப்பவள் யார்? விரதம் அவருடையது, உழைப்பு அவளுடையது.

ஆண்களின் சடங்கைப் பற்றி எண்ணும்போதெல்லாம் தொலைதூர மெலனேசியத் தீவுகள் என் நினைவுக்கு வரும். ஆண்களுக்கு மட்டுமேயான வழிபாட்டில் அத்தீவுகளின் மக்களைப்போல் ஆழ்ந்து வாழ்ந்தவர் குறைவு. பாப்புவா நியூ கினியில் செப்பிக் ஆற்றுப் பகுதியை அடுத்து இலாகிதா என்றோர் ஊர். அங்கே தம்பரான் என்ற ஆவிக்கு ஆண்கள் இரகசிய வழிபாடு நடத்தினர். பெண்கள் பன்றி வளர்த்தார்கள், உணவு சமைத்துத் தந்தார்கள்; ஆவி உண்டது என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. உண்டவர்கள் ஆண்களே. ஆவியின் குரல் என்று கேட்டதும் ஆண்கள் மறைவிலிருந்து எழுப்பிய கருவிகளின் ஒலியே. 1984ஆம் ஆண்டு ஒரு ஞாயிறு வழிபாட்டில், கிறிஸ்தவ எழுச்சியின் வேகத்தில், ஆண்களே எழுந்து இந்த இரகசியத்தைப் பெண்கள் முன் அவிழ்த்துவிட்டார்கள்.

பொய் ஒழிந்தது, பெண்கள் விடுதலை பெற்றார்கள் என்று கதையை முடிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. அவ்வூரை நெடுங்காலம் ஆய்ந்த டொனால்டு டூசின் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1997இல் எழுதிய நூல் வேறுவிதமாகச் சொல்கிறது. தம்மைப் பிணைத்திருந்த சடங்கை இழந்த ஆண்கள் நிலைகுலைந்தார்கள். இல்லங்களில் பெண்கள்மீது வன்முறை கூடிற்று. எனவே ஒழித்துவிடுவதே தீர்வு என்போரிடமும் எனக்குத் தயக்கம் உண்டு. ஆணின் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினால், அக்கையில் வேறு என்ன கொடுக்கப்போகிறோம்?

அத்தீவுகளில் வேறொரு பழங்கதையும் பல இனங்களிடையே வழங்குகிறது. புனிதக் குழல்கள் ஆதியில் பெண்களிடமே இருந்தனவாம். ஆண்கள் அவற்றைக் கைப்பற்றிக்கொண்டு, பெண்கள் பார்க்கவும் கூடாது என்று விதித்தார்களாம். இக்கதையை வழிவழியாகச் சொல்லிவந்தவர்கள் ஆண்கள் என்பது வியப்பு. நம் பெரிய வியாழனுக்கும் இப்படியொரு முற்கதை உண்டு. அதை நாம் கேட்பதில்லை, அவ்வளவே.

யோவான் நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் இயேசு சீடரின் பாதங்களைக் கழுவித் துண்டால் துடைக்கிறார். அதற்கு முந்தைய அதிகாரத்தில், பாஸ்காவுக்கு ஆறு நாள்களுக்கு முன், பெத்தானியா மரியா இயேசுவின் பாதங்களில் நறுமணத் தைலம் பூசித் தம் கூந்தலால் துடைத்திருக்கிறார். கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் துடைத்தலுக்கு ஒரே வினைச்சொல்தான். லூக்கா ஏழாம் அதிகாரத்தில் கண்ணீரால் பாதம் நனைத்த பெண்ணுக்கும் அதே சொல். அதற்கும் வெகுகாலம் முன்பு, தாவீதின் பணியாளர்களுடைய காலைக் கழுவவும் தயார் என்று தரையில் வீழ்ந்தவள் அபிகாயில். ஆண்டவர் பெண்களின் வேலையை, அடிமைகளின் வேலையை வாங்கித் தம் சீடரிடம் ஒப்படைத்தார். நாமோ அதை வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்களையே வெளியே நிறுத்தினோம்.

ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல்தோல் உரிந்துபோன கைம்பெண் ஒருவர் என்னிடம் சொன்னார்: "கோவிலைக் கூட்டிக் கழுவுறது நாங்க சாமி. எங்க காலு மட்டும் அந்த நாற்காலிக்கு ஆகாதா?" அவர் சண்டைக்கு நிற்கவில்லை, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்துக்கொண்டே கேட்டார். பவுலின் பெயரால் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம், கைம்பெண்களின் பட்டியலில் சேர்க்கத் தகுதிகளைச் சொல்லும் இடத்தில், இறைமக்களின் காலடிகளைக் கழுவியவராய் இருத்தல் என்பதையும் ஒன்றாக வைக்கிறது. தொடக்கத் திருச்சபையில் அது ஆண்களின் மரியாதை அன்று, கைம்பெண்ணின் நற்சான்று.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு உண்மையான தடையை வெளியே எடுத்தார்: "நாற்காலியை விட்டுக்கொடுக்கிறது பெரிசில்ல சாமி. ஊரு பார்க்க என் வீட்டுக்காரி காலை நீங்க தொடுறதுதான்..." என்று நிறுத்திக்கொண்டார். அவர் கூச்சத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. குருவின் கை படுவதை நம் பெண்களிலும் பலர் விரும்பமாட்டார்கள், அவர்களை வற்புறுத்தவும் கூடாது. ஆனால் பரிசேயர் சீமோன் தம் விருந்தில் முகம் சுளித்ததும் இதே தொடுதலுக்காகத்தான் என்று நினைவூட்டினேன்.

"அப்படியானால் கோவிலுக்கு வருமுன் வீட்டிலே நீங்கள் தொடங்குங்களேன்" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை.